எஞ்சின் இல்லாம ஒரு யுத்தம்!

சூலூர்ல ஆரம்பிச்சு, பெங்களூரு, சில்சார், பர்மா காடுன்னு சுத்திட்டு, கணபதி லேத் பட்டறையில வந்து நிக்கிற ஒரு ரவுண்டு இது. செமஸ்டர் லீவுல போறதுக்கு ஊட்டி, வால்பாறையை விட்டா வேற இடமே இல்லையான்னு புலம்புற ஆளா நீங்க? அப்ப கூடவே வாங்க.

சூலூரில் ஒரு 'கப்பல்'

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, திருச்சி ரோட்டில் கிழக்கே போனால் சூலூர். இறங்கி ஒரு டீ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வானத்தைக் கிழித்துக்கொண்டு ஏதாவது ஒன்று பறக்கும். நமக்குத்தான் 'ஆ'வென்று வாய் பிளக்கும். ஊர்க்காரங்க நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க. நம்ம நாட்டுத் தயாரிப்பான தேஜஸின் முதல் படைப்பிரிவு 2018-ல் பெங்களூருவில் இருந்து இங்கேதான் குடிவந்தது. ஏர் ஷோக்களில் ஜோடி ஜோடியாக வட்டமடிக்கும் 'சாரங்' ஹெலிகாப்டர்களுக்கும் சூலூர்தான் சொந்த வீடு.

ஆனால், இந்த ஓடுதளத்தோட வயசு தெரியுமா? இது இரண்டாம் உலகப்போர் காலத்துச் சரக்கு! போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ் கடற்படை இதை நடத்தியது. அப்போது இதன் பெயர் 'ஹெச்.எம்.எஸ். வைரி'. கோயம்புத்தூரில் விமானங்களைப் பழுதுபார்க்க அதே கடற்படை வைத்திருந்த தளத்துக்கு 'ஹெச்.எம்.எஸ். கருடா'. நொய்யல்ல கப்பல் எப்படிப்பா போகும்னு கேக்காதீங்க. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது பிரிட்டிஷ் நேவியின் வழக்கம். வைரி என்பது நம்ம பக்கத்து வேட்டைப் பறவை ஒன்றின் பெயர். கருடன் உங்களுக்கே தெரியும். வெள்ளைக்காரன் நல்லாத்தான் பேர் பிடிச்சிருக்கான்!

கடற்படைக்குக் கோவையில் என்ன வேலை? 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. விசாகப்பட்டினத்தில்கூட குண்டு விழுந்தது. இப்ப மேப்பை எடுத்துப் பாருங்க. கிழக்குக் கடலில் இருந்து நாம் எவ்வளவு தள்ளி இருக்கிறோம், கொச்சித் துறைமுகத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறோம் என்று புரியும். அதோடு, மில்லும் மெஷினும் தெரிந்த கைகள் நிறைந்த ஊர் இது.

கருடாவுக்கு வந்த விமானங்கள் உடைந்து வந்தன, சரியாகித் திரும்பின. அதே போரில் ரிப்பேருக்கே வராத ஒரு ரகமும் பறந்தது. ஒரே ஒரு தடவைதான் பறக்கும். போன இடத்திலேயே கிடக்கும். அதுக்குப் பேருதான் தாக்குதல் கிளைடர்.

கயிறு கட்டி இழுத்த விமானம்

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போகும். பஞ்சர் ஆன வண்டியை இன்னொரு வண்டியில கயிறு கட்டி இழுத்துட்டுப் போவோமே, அதே டெக்னிக்தான். சேரவேண்டிய இடம் நெருங்கியதும் பைலட் கயிற்றை விடுவித்துவிடுவார். அதற்கப்புறம் கையில் இருக்கும் உயரம்தான் பெட்ரோல். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, முன்னால் சறுக்கிப் போய்த் தரை தட்ட வேண்டும். இறங்கும் இடம் சரியில்லைன்னா மறுபடி ஒரு ரவுண்டு அடிக்கவே முடியாது.

சரி, பாராசூட் இருக்கும்போது இது எதுக்கு? பாராசூட்டில் குதித்தால் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடுவார்கள். கிளைடரில் போனால் ஒரு குழு முழுசாக, ஆயுதத்தோடு, ஒரே இடத்தில் இறங்கலாம். ஜீப்பையும் சின்ன பீரங்கியையும்கூட ஏற்றலாம். முக்கியமாக, சத்தமே வராது.

இதைப் போருக்கு முதலில் கொண்டுவந்தது ஜெர்மனி. முதல் உலகப்போரில் தோற்றதும், வெர்சாய் ஒப்பந்தம் அவர்களுக்குப் போர் விமானமே கூடாது என்று பூட்டுப் போட்டது. எஞ்சின் வைத்தால்தானே வம்பு? அங்கிருந்த பையன்கள் மலை உச்சிகளில் இருந்து கிளைடர் ஓட்டிப் பழகினார்கள். 1940 மே 10 விடியற்காலை. பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டை, தகர்க்கவே முடியாது என்று பெயர் வாங்கியது. அதன் கூரை மேலேயே 9 கிளைடர்கள் சத்தமில்லாமல் இறங்கின. வந்தவர்கள் எண்பது சொச்சம் பேர்தான். மறுநாள் கோட்டை சரண்!

உலகம் அதிர்ந்துபோய் ஆளாளுக்குக் கிளைடர் செய்யக் கிளம்பியது. பிரிட்டனில் 'ஹோர்சா' என்கிற மரக் கிளைடர். கட்டில், பீரோ செய்த கம்பெனிகள்கூட அதன் பாகங்களைச் செய்தன. அமெரிக்காவில் 'வாகோ'. ஸ்டீல் குழாய்ச் சட்டம், பிளைவுட், மேலே துணி, அவ்வளவுதான். இரண்டு பைலட், 13 வீரர்கள். ஏறக்குறைய 14,000 வாகோக்கள் தயாராகின. ஃபோர்டு கார் கம்பெனியும் செய்தது. ஸ்டெய்ன்வே பியானோ கம்பெனியும் அதன் மர பாகங்களைச் செய்து கொடுத்தது.

பெங்களூரில் ஒரே ஒரு ஜி-1

நம்ம நாடு சும்மா இருந்ததா? இல்லை. காலையில் கோவை ஜங்ஷனில் உதய் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியம் பெங்களூரு. அங்கே 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். இன்றைய ஹெச்.ஏ.எல்.

ஆரம்பித்த சூட்டோடு சூடாக, 1940-களின் தொடக்கத்திலேயே, பத்துப் பேர் உட்காரும் துருப்புக் கிளைடர் ஒன்றை அங்கே வடிவமைத்துக் கட்டினார்கள். பெயர் 'ஜி-1'. வடிவமைத்தவர் வி.எம்.கட்கே. ஜெர்மனியின் கேட்டிங்கனில், ஏரோடைனமிக்ஸின் தாத்தா என்று சொல்லக்கூடிய பிராண்டலிடம் படித்துவிட்டு வந்தவர். வேடிக்கையைப் பாருங்க... கிளைடரை ஆயுதமாக்கிய நாட்டில் படித்த பாடம், அதே நாட்டை எதிர்த்து நின்ற அணிக்காக இங்கே விமானமாச்சு.

ஜி-1 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. போருக்குப் போகவில்லை. அப்ப வேஸ்ட்டா? அவசரப்படாதீங்க. 1942 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கியபோது, அதைக் கட்டி எழுப்பியவர் இதே கட்கே. 1951-ல் பறந்த ஹெச்.டி-2 பயிற்சி விமானமும் அவர் கைவண்ணம்தான். நம்ம விமானப்படை பைலட்டுகள் பல வருஷம் அதில்தான் பறக்கப் படித்தார்கள். இன்றைக்கு சூலூர் வானத்தில் பறக்கிற தேஜஸுக்கு ஒரு வம்சாவளி எழுதினால், முதல் வரியில் எஞ்சினே இல்லாத இந்த ஜி-1 வரும்.

கிழக்கே மூணு நாள்

அடுத்த ஸ்டாப் தூரம். கோயம்புத்தூர் ஜங்ஷனில் இருந்தே அஸ்ஸாமின் சில்சாருக்கு வாராந்திர ரயில் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நம்ம ஃபவுண்டரிகளுக்கும் வேலைக்கு வரும் வடகிழக்கு அண்ணன்மார், அக்காமார் வந்துபோகும் வண்டி. எப்படியும் மூணு நாள் பயணம். சில்சார் இருக்கும் பராக் பள்ளத்தாக்கில், ஹைலாகண்டி பக்கம் லாலாகாட் என்று ஓர் ஊர். ஆசியாவின் மிகப்பெரிய கிளைடர் தாக்குதல் ஒன்று கிளம்பிய இடம் அது.

1944 மார்ச் 5, சாயங்காலம். பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் 'சிண்டிட்' படை, பர்மாவில் ஜப்பானியர்களின் முதுகுக்குப் பின்னால் போய் இறங்கத் தயாராக நின்றது. ஏற்றிச் செல்ல அமெரிக்கர்களின் வாகோ கிளைடர்கள். காட்டுக்குள் இறங்கத் திறந்தவெளிகளைத் தேர்ந்தெடுத்து 'பிராட்வே', 'பிக்காடிலி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளம்பக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஒரு போட்டோ வந்தது. பிக்காடிலி முழுக்க மரக்கட்டைகள்! திட்டம் கசிந்துவிட்டதா? எதிரி வழியை அடைத்துவிட்டானா? எல்லார் வயிற்றிலும் புளி. உண்மையில், தேக்கு வெட்டுகிறவர்கள் காய்வதற்காகப் போட்ட கட்டைகள் அவை. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. 'எல்லாரும் பிராட்வேக்கே போங்க' என்று முடிவானது.

ஒரு டகோட்டா விமானம், பின்னால் நைலான் கயிற்றில் இரண்டு கிளைடர். இருட்டு, நடுவே மலை, கிளைடருக்குள் அளவுக்கு மிஞ்சிய பாரம். கயிறுகள் அறுந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் கிளம்பின, பிராட்வேயை எட்டியவை சுமார் 35. மிச்சம் வழியெல்லாம் விழுந்தன. சில, எதிரியின் பகுதிக்குள்ளேயே. இதில் ஒரு விசித்திரம், அங்கங்கே விழுந்த கிளைடர்களைப் பார்த்து, படை எங்கேதான் இறங்குகிறது என்று ஜப்பானியர்களே குழம்பிப் போனார்கள்.

பிராட்வேயில் என்ன ஆச்சு? மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி. புல்லுக்குள் தேக்கு மரங்களை இழுத்த தடங்கள், பள்ளம் பள்ளமாக. முதலில் இறங்கிய கிளைடர் சக்கரம் உடைந்து நின்றது. பின்னால் வந்ததுக்கு மேலே ஏற எஞ்சின் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று மோதின. சுமார் 30 பேர் இறந்தார்கள். நடுராத்திரி தாண்டி லாலாகாட்டுக்கு ஒரே ஒரு சொல் ரேடியோவில் வந்தது. 'சோயா லிங்க்'. சிப்பாய்கள் அடியோடு வெறுத்த ஒரு ரேஷன் அயிட்டத்தின் பேர் அது. (ஹாஸ்டல் மெஸ்ஸில் உங்களுக்கு எதுன்னு நீங்களே நிரப்பிக்குங்க.) 'நிலைமை மோசம்' என்பதற்கு அதுதான் ரகசியச் சொல். விடிந்த பிறகுதான் நல்ல சேதிக்கான சொல் வந்தது, 'போர்க் சாசேஜ்'.

பொறியியல் படிக்கிறவங்க கவனிக்க வேண்டியது அடுத்துதான். கிளைடரில் வந்த பொறியாளர் குழு, அங்கே போய்ச் சேர்ந்த புல்டோசரை வைத்து, ஒரே பகலில் ஓடுதளம் போட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரியே டகோட்டாக்கள் வரிசையாக இறங்கின. ஒரு வாரத்துக்குள் சுமார் 9,000 பேரும் 1,300-க்கும் மேற்பட்ட கழுதை, குதிரை வகையறாக்களும் எதிரியின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தாச்சு!

இந்தக் கதையில் நம்ம ஆட்கள் இரண்டு பக்கமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அதே வாரத்தில்தான், மார்ச் 8-ல், ஜப்பானியப் படை இம்பால் மீது பாய்ந்தது. கூடவே நேதாஜியின் ஐ.என்.ஏ. மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். கிளைடர்கள் அறுக்கப் போனது அந்தப் படையெடுப்பின் சப்ளை லைனைத்தான். வெற்றி யாருக்கு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற கதை இல்லை இது.

ஒரு சின்ன பாகம்

வாகோவின் மூக்கு, கதவு மாதிரி மேலே திறக்கும். பைலட் சீட்டும் அதோடு சேர்ந்து மேலே போய்விடும். கிளைடர் மோதினால், உள்ளே கட்டியிருக்கும் ஜீப்போ புல்டோசரோ முன்னால் பாய்ந்து பைலட்டை நசுக்கிவிடுமே? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சரக்கையும் மூக்கையும் ஒரு கம்பிவடத்தால் இணைத்துவிட்டார்கள். சரக்கு முன்னால் நகர்ந்தால் கம்பி இழுபடும், மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும், சரக்கு பைலட்டுக்குக் கீழே வெளியே போய்விடும். பிராட்வேயில் புல்டோசர் ஏற்றிய கிளைடர் ஒன்று இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து, இறக்கைகளை இழந்தபோது, அச்சு அசலாக இதுதான் நடந்தது. பைலட்டுகள் பிழைத்தார்கள். ஒரு கம்பி, ரெண்டு உயிர்!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1943 ஆகஸ்ட் 1, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். அந்த ஊரிலேயே தயாரான வாகோ கிளைடரை மக்களுக்குக் காட்டும் விழா. மேயர் வில்லியம் டீ பெக்கர், தயாரித்த கம்பெனியின் தலைவர் எல்லாரும் சேர்ந்து பத்துப் பேர் ஆசையாக ஏறினார்கள். கயிறு விடுபட்ட கொஞ்ச நேரத்தில் வலது இறக்கை கழன்றது. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, கல் மாதிரி விழுந்தது. பத்துப் பேரும் காலி.

காரணம்? இறக்கையைத் தாங்கும் முட்டுக் கம்பியின் ஒரு இணைப்பு பாகம். கையில் எடுத்துப் பார்க்கிற சைஸ்தான். வரைபடத்தில் சொன்ன கனத்தைவிட மெலிசாகக் கடைந்திருந்தார்கள். அதைச் செய்தது மெயின் கம்பெனி இல்லை, சப்-கான்ட்ராக்ட் எடுத்த ஒரு பட்டறை. போருக்கு முன்னால் அவர்கள் செய்துகொண்டிருந்த தொழில் சவப்பெட்டி. அளவு குறைந்த அந்த பாகம் இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டித்தான் வந்தது என்பதுதான் கொடுமை. யாரோ ஒருத்தர் பார்த்திருக்க வேண்டும். பார்த்து 'ஓகே' போட்டிருக்க வேண்டும், அல்லது பார்க்காமலேயே.

கணபதியில் வந்து நிற்போம்

இதை எதுக்கு இவ்வளவு தூரம் இழுத்துட்டு வர்றேன்னு கேக்கறீங்களா? கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் ஒரு நடை போங்க. சந்துக்குச் சந்து லேத் சத்தம், கட்டிங் ஆயில் வாசனை. நேற்று பம்புக்கு ஷாஃப்ட் கடைந்த பட்டறை, இன்றைக்கு வேறெதற்கோ பாகம் கடைகிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. சென்னை, ஓசூர், சேலம், திருச்சி மற்ற நான்கு. பியானோ கம்பெனியும் கட்டில் கம்பெனியும் விமானத்துக்கு பாகம் செய்த கதை, நம்ம ஊரில் வேற வடிவத்தில் நடக்கப்போகிறது.

கணபதியில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். உரிமையாளர் அண்ணாவுக்கு அறுபது வயசு இருக்கும். பெஞ்சில் பளபளவென்று வரிசையாக ஏதோ பாகங்கள்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் எங்க போகுதுங்க?"

"அது நமக்கு முழுசாத் தெரியாது கண்ணு. ட்ராயிங் வரும், அளவு வரும். செஞ்சு குடுக்கோணும்."

"அளவு கொஞ்சம் தப்பிடுச்சுன்னா?"

"ஸ்கிராப்புல போட்றோணும். மனசு வராது. ராத்திரியெல்லாம் ஓட்டுன ஜாப்பா இருக்கும், காசு போகுதேன்னு இருக்கும். ஆனாப் போட்றோணும். மாட்டுறவன் நம்மள நம்பித்தானே மாட்டுறான்?"

சொல்லிக்கொண்டே ஒரு பாகத்தை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தார். திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்தார். எனக்கு செயின்ட் லூயிஸ்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒரு பெஞ்ச் இருந்திருக்கும், ஒரு மைக்ரோமீட்டர் இருந்திருக்கும். பக்கத்தில், அவசரமாக டெலிவரி கேட்டு ஒரு சூப்பர்வைசரும் நின்றிருக்கலாம்.

கிளைடர் போருக்குப் பின் சீக்கிரமே காணாமல் போனது. பர்மாவுக்குப் போன அதே அமெரிக்க விமானக் குழு, 1944 ஏப்ரலில் ஒரு குட்டி ஹெலிகாப்டரை அனுப்பி, காட்டில் சிக்கியவர்களைத் தூக்கி வந்தது. போர்முனையில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அது. காட்டுக்குள் இறங்கவும் செய்யும், திரும்பியும் வரும் என்றால் யாருக்குத்தான் கிளைடர் வேண்டும்? இந்தியாவில் அடுத்த படையெடுப்புக்காகத் தயாரான ஆறு பிரிட்டிஷ் கிளைடர் ஸ்குவாட்ரன்களும், 1945 ஆகஸ்ட்டில் போர் முடிந்ததால் சண்டை பார்க்காமலேயே கலைந்தன.

ஆனால், கிளைடர் விட்டுப்போன கேள்வி அப்படியே இருக்கு. எஞ்சின் இருக்கும் விமானத்தில் ஏதாவது தப்பானால் பைலட்டுக்குக் கொஞ்சமாவது நேரம் கிடைக்கலாம். கிளைடரில் அதுவும் கிடையாது. உள்ளே உட்கார்ந்த 13 பேரின் உயிரும், முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் கட்டிய கயிற்றிலும் கடைந்த பாகத்திலும் இருந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் உங்களில் பலர் குவாலிட்டி இன்ஜினீயர் என்று ஒரு நாற்காலியில் உட்காரப் போறீங்க. நானும்தான். மாசக் கடைசி, டார்கெட், 'ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு தம்பி' என்று மேலிருந்து ஒரு போன். அப்ப கையில் பேனாவா, மைக்ரோமீட்டரா? கேம்பஸ் இன்டர்வியூவில் யாரும் கேக்காத இந்தக் கேள்விக்கு இப்பவே பதில் யோசிச்சு வெச்சுக்கலாம், தப்பில்லை.

கிளைடர் பிட்ஸ்!

* சாப்ளினின் 'தி கிட்' படத்தில் கண்ணீர் விட வைத்த குட்டிப் பையன் ஜாக்கி கூகன், வளர்ந்ததும் கிளைடர் பைலட். பிராட்வே ஆபரேஷனில் அவரும் இருந்தார்!

* அமெரிக்கக் கிளைடர் பைலட்டுகளின் பேட்ஜில் 'ஜி' என்று ஓர் எழுத்து இருக்கும். அது கிளைடரைக் குறிக்கும். அவர்களோ, 'கட்ஸ்' என்பதற்கான 'ஜி' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள்.

* 1943 ஜூலையில் சிசிலித் தீவைத் தாக்கப் போன 144 கிளைடர்களில் ஏறக்குறைய பாதி கடலில் விழுந்தன. எதிர்க்காற்றில், சீக்கிரமே கயிற்றை விட்டுவிட்டதுதான் காரணம்.

போறதா இருந்தா...

* சூலூர்: தளத்துக்குள் அனுமதி கிடையாது. வெளியே நின்று பார்க்கலாம், ஆனால் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பாதுகாக்கப்பட்ட இடம், வம்பு வேண்டாம்.

* பெங்களூரு: பழைய ஏர்போர்ட் ரோட்டில் ஹெச்.ஏ.எல். ஹெரிடேஜ் சென்டர். கட்கேயின் ஹெச்.டி-2-வை அங்கே நேரில் பார்க்கலாம். காலேஜ் ஐ.டி. கார்டு கையில் இருக்கட்டும்.

* சில்சார்: வாரம் ஒரு வண்டிதான், டைம்டேபிளைப் பார்த்துக்குங்க. மூணு நாளைக்குப் புளிசாதம் தாங்காது, ரெண்டாவது நாளில் இருந்து பான்ட்ரி கார்தான் கதி!